இரண்டு பேர் ஆடும் ஆட்டம்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
10 செப்டெம்பர் 2023

நிருஷாவின் அப்பாவுக்கு,

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடிதம் முழுக்க நீங்கள் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். போனில் கதைத்தால் மூன்றாவது வசனத்தில் எங்களுக்குச் சண்டை வருகிறது. நீங்கள் கத்துகிறீர்கள், நான் வைத்துவிடுகிறேன். அதனால் பிள்ளைகளோடு போனில் கதையுங்கள், எனக்கு எழுதுங்கள். எழுதினால் ஒருவர் முடிக்கும் வரைக்கும் மற்றவர் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு, என்னிடம் ஒரு சொல் கேட்காமல், மரமே முளைக்காத வடக்கு ஊர் ஒன்றில் கடை வேலைக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டுவிட்டீர்கள். வீடு இலவசம், சம்பளம் கூட என்கிறீர்கள். பிள்ளைகளின் ஸ்கேட்டிங் செலவுக்குத்தான் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் வராதா?

இந்த வருஷக் கோச் காசில் பாதிதான் கட்டியிருக்கிறேன். நிருஷாவின் ஸ்கேட்டிங் சப்பாத்து கணுக்காலடியில் உடைந்துவிட்டது. தனுஜனுடையது கிறிஸ்மஸ் வரை தாங்கினால் பெரிய காரியம். மற்றத் தாய்மாருக்கு ஒரு பிள்ளை, ஒரு சோடிச் சப்பாத்து. எங்களுக்கு எல்லாமே இரண்டு. எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு வாய் நோகிறது. ஹொக்கி இல்லை, பனித்தரையில் ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்ந்து ஆடுகிற நடனம் என்றால், "அண்ணனும் தங்கச்சியுமோ?" என்று கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் ஒன்று யோசித்திருக்கிறேன். நிருஷாவுக்குச் சாமத்தியவீடு செய்வோம். அவள் பெரியபிள்ளையான கிழமை போட்டி இருந்ததால் வீட்டோடு தண்ணீர் வார்த்ததோடு விட்டுவிட்டோம். இங்கே எத்தனையோ பேர் வருஷங்கள் கழித்துத்தான் மண்டபம் எடுத்துச் செய்கிறார்கள். நாங்கள் எத்தனை வீட்டுக்குக் கவரில் காசு வைத்துக் கொடுத்திருப்போம்? அது ஒருமுறை எங்கள் பக்கமும் வரட்டும். என்னோடு விமானச் சாப்பாடு கட்டுகிற பிலோமினம்மாவின் பேத்திக்குச் செய்தபோது சேர்ந்த காசில் கார் வாங்கினார்களாம்.

பிள்ளையிடம் கேட்டேன். "ஐஸுக்கெண்டா இருக்கிறன் அம்மா" என்றாள். உங்கள் சம்மதத்தை எழுதி அனுப்புங்கள்.

செல்வமலர்


நுனாவிக்
24 செப்டெம்பர் 2023

மலருக்கு,

உம்முடைய கடிதம் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கியது. இரண்டும் வழியில் கொஞ்சம் சூடு தணிந்திருந்தன.

எனக்கு இது பிடிக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையை மேடையில் இருத்தி, இவள் எப்போதோ பெரியபிள்ளையாகிவிட்டாள், காசைத் தாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுவதா? ஆனால் மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டுத்தான் என் சம்மதம் கேட்கிறீர் என்று தனுஜன் போனில் உளறிவிட்டான். நானும் ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் உமக்குச் சொன்னேன். ஆகவே வாய் திறக்க எனக்கு வழியில்லை.

செய்யும். நான் வரமுடியாது. இங்கேயிருந்து மொன்றியலுக்குப் பறக்கிற காசில் பிள்ளைகள் பல நாள் பயிற்சி எடுக்கலாம். மாமன் முறைக்கு உம்முடைய தம்பி ஞானேந்திரனை நிறுத்தும். அவனுக்குக் கோட்டுப் போட ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும்.

இங்கே ஊருக்கு நடுவில் ஒரு பனி அரங்கம் இருக்கிறது. பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து இறங்குகிறார்கள். யாரும் யாரிடமும் காசு கேட்பதில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இங்கே பனி சும்மா கிடக்கிறது, அங்கே அதே பனிக்கு மணித்தியாலக் கணக்கில் காசு. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது, வந்துவிட்டேன்.

கவனமாகச் சாப்பிடும்.

அரியரத்தினம்


செயின்ட்-மிஷேல்
30 ஒக்டோபர் 2023

நிருஷாவின் அப்பாவுக்கு,

சாமத்தியவீடு சனிக்கிழமை முடிந்தது. படங்கள் தனுஜன் அனுப்பியிருப்பான். படத்தில் எல்லாம் வடிவாகத்தான் இருக்கும், ஏனென்றால் படக்காரன் கெட்டிக்காரன். காலிக் கதிரைகள் வராத மாதிரி எடுத்திருக்கிறான்.

ஆம், பாதி மண்டபம் காலி. சாப்பாட்டுக்காரனுக்குத் தலைக்கணக்கில் காசு கட்டியாயிற்று. ஆட்கள் வருவார்கள், வாகனம் நிறுத்த இடமில்லாமல் அலைகிறார்கள் என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் பிலோமினம்மாதான் என்னைக் கையைப் பிடித்து இருத்தினா. "பிள்ளை, நீங்கள் ஆரின்ர வீட்டுக்குப் போனனீங்கள், இப்ப ஆக்கள் வாறதுக்கு?" என்றா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு வருஷமாக எங்கள் சனி ஞாயிறு எல்லாம் ஏதோ ஒரு அரங்கத்தில்தானே போயிற்று. எத்தனை கலியாணம், எத்தனை சாமத்தியவீடு, எத்தனை செத்தவீடு! எல்லாவற்றுக்கும் "பிள்ளையளுக்குப் போட்டி" என்று சொல்லிவிட்டோம். போன இடங்களிலும் கை இறுக்கமாக இருந்ததால் சின்னக் கவர்தான் வைத்தோம். ஆட்கள் நேர்மையானவர்கள். நாங்கள் வைத்ததையே திருப்பி வைத்தார்கள். இதைச் செய்ய முன்னம் எனக்கு ஏன் விளங்கவில்லை என்று நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

கடைக்காரக் கணேசலிங்கம் அண்ணை பிள்ளைகளுக்குக் காசு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அல்லவா? மண்டபத்தில் ஆடிக் காட்டச் சொன்னார். இரண்டு பேரும் வெறுங்காலோடு கொஞ்சம் ஆடினார்கள். முடிந்ததும் என்னிடம் வந்து, "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. சகோதரங்கள் இப்பிடிக் கண்ணுக்குள்ள பார்த்து ஆடுறது ஒருமாதிரிக் கிடக்கு. பரதநாட்டியமெண்டா என்ர கடைப் பேரைப் போடலாம்" என்றார். வடையை வாயில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

கணக்கை எழுதமாட்டேன். கையில் இருந்ததும் போய்விட்டது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். காரில் வரும்போது நிருஷா கனத்த சீலையோடு பின்னால் இருந்து, "சப்பாத்துக்குக் காணுமோ அம்மா?" என்று கேட்டாள். காணும் என்று சொல்லிவிட்டேன். இன்று கடன் அட்டையில் வாங்கிக் கொடுத்தேன்.

நீங்கள் சொன்னது சரி. அதை ஒருமுறைதான் எழுதுவேன்.

செல்வமலர்


நுனாவிக்
14 நவம்பர் 2023

மலர்,

நான் சொன்னது சரியென்று எழுதியதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் கைக்கு வந்த முதல் அத்தாட்சி. ஆனால் அது எனக்கு ஒரு சந்தோஷத்தையும் தரவில்லை.

காசு போனால் போகட்டும். நீர் வாசலுக்கும் உள்ளுக்கும் தனியாக நடந்தீர் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் நின்றிருந்தால் காலிக் கதிரைகளைத் தூக்கி ஒரு மூலையில் அடுக்கியாவது இருப்பேன்.

கடை பூட்டிய பிறகு தரை துடைக்கிற வேலையையும் கேட்டு எடுத்திருக்கிறேன். இந்த மாதம் கொஞ்சம் கூட வரும். ஜனவரியில் தேசியப் போட்டியில் பிள்ளைகள் முன்னுக்கு வந்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று கோச் சொன்னாவே, அதுவரைக்கும் இழுத்துப் பிடிப்போம்.

கணேசலிங்கத்திடம் இனி மரக்கறியும் வாங்க வேண்டாம்.

அரியம்


செயின்ட்-மிஷேல்
11 பெப்ரவரி 2024

அப்பா,

போட்டி முடிவைப் பிள்ளைகள் போனில் சொல்லியிருப்பார்கள். விழவில்லை, பிழை விடவில்லை, ஆனாலும் நடுவில்தான் வந்தார்கள். மற்றச் சோடிகள் கோடை முழுக்கப் பயிற்சி எடுத்தவர்கள். எங்கள் இரண்டும் கோடை முழுக்கக் கடையில் கல்லாவில் நின்றவர்கள். அதைத் தவிர வித்தியாசம் இல்லை என்று கோச்சே சொன்னா. உதவிப்பணம் இல்லை.

போன வியாழக்கிழமை கோச் மடாம் என்னைத் தனியாக வரச்சொல்லிக் கோப்பி தந்தா. பாக்கிக் காசு கேட்கத்தான் கூப்பிடுகிறா என்று நான் பயந்து பயந்து போனேன். அவ காசைப் பற்றிக் கதைக்கவே இல்லை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஓக்வில் என்ற ஊரில் ஒரு பல் வைத்தியர் குடும்பமாம். தேசியப் போட்டியில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தார்களாம். கோச் செலவு, பனிச் செலவு, உடுப்பு, தங்குமிடம், கைச்செலவு எல்லாம் அவர்களே பார்ப்பார்களாம். என் பிரெஞ்சு உங்களுக்குத் தெரியும்தானே. எல்லாம் விளங்குமட்டும் நான் பொறுக்கவில்லை. மெர்சி, மெர்சி என்று அவவின் கையைப் பிடித்துவிட்டேன். கண்ணீரே வந்துவிட்டது.

அவ என் கையை விடாமல் திரும்பவும் மெதுவாகச் சொன்னா. அவர்களுக்குத் தனுஜன் மட்டும்தான் வேண்டும். அவர்களுடைய மகளுக்குச் சோடி இல்லை. இந்த ஆட்டத்தில் பெண் பிள்ளைகள் நிறைய, ஆண் பிள்ளைகள் மிகக் குறைவாம். ஒரு பையனுக்கு ஏழெட்டுப் பெண்கள் காத்திருக்கிறார்களாம். காசுள்ள தகப்பன்மார் மகளுக்காகப் பையனின் செலவையும் சேர்த்துக் கட்டுவது வழமையாம்.

"அப்ப நிருஷா?" என்று கேட்டேன். அவளுக்கும் இன்னொரு பையன் கிடைப்பான், ஆனால் அவனுடைய செலவையும் நாங்கள்தான் கட்டவேண்டும் என்றா. இருவரில் நிருஷாதான் கெட்டிக்காரி என்றும் சொன்னா. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிள்ளைகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்ய, சொல்லுங்கள்.

மலர்


நுனாவிக்
25 பெப்ரவரி 2024

மலர்,

இல்லை. நான் அதற்கு ஒருக்காலும் சம்மதியேன். ஒரு வயிற்றில் பிறந்ததுகளை ஒருவன் காசைக் காட்டிப் பிரிப்பதா? நான் இன்னொரு வருஷம் இங்கே நிற்கிறேன். கோச்சிடம் போய்ச் சொல்லும்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. புயலால் இன்று விமானம் வரவில்லை. கடிதம் மேசையில் கிடந்தது, திரும்ப வாசித்தேன், பிறகு கணக்குப் பார்த்தேன். இன்னொரு வருஷம் நின்றாலும் காணாது, மலர். இரண்டு வருஷம் நின்றாலும் கடனோடு சரி. அதற்குள் பிள்ளைகளுக்கு வயது போய்விடும்.

நிருஷா இதைத் தொடங்க ஆசைப்பட்டபோது, வேறு பையனுக்குக் காசு கட்டவேண்டும் என்றதும், "வீட்டில ஒருத்தன் சும்மாதானே நிக்கிறான்" என்று தனுஜனை ஹொக்கியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேனே. அப்போது எவ்வளவு மிச்சம் பிடித்துவிட்டேன் என்று எல்லோரிடமும் பெருமை அடித்துத் திரிந்தேன். அந்த மிச்சத்துக்கு இப்போது விலை வந்திருக்கிறது.

தனுஜனிடம் சொல்லும். அவன் இருபது வயது ஆண்பிள்ளை. நாங்கள் மறைத்து, பிறகு அவன் வேறு வழியில் அறிந்தால் மன்னிக்கமாட்டான். அவன் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதுகிறேன். எனக்கு எது சம்மதம் என்று எனக்கே தெரியவில்லை.

அரியம்


செயின்ட்-மிஷேல்
21 ஏப்ரல் 2024

அப்பா,

தனுஜன் நேற்றுப் போய்விட்டான். பேருந்து நிலையத்துக்கு நாங்கள் இருவரும் போனோம்.

போனில் அவன் உங்களுக்கு எப்படிச் சொன்னானோ தெரியாது, நடந்ததை நான் எழுதுகிறேன். நான் சொன்ன அன்றே, "விசரோ அம்மா, நான் போகமாட்டன்" என்றான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றை அளைந்துகொண்டிருப்பான். போகமாட்டேன் என்றவன் அந்த ஆட்களுக்கு அதைச் சொல்லவும் இல்லை. நானும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயம்.

நிருஷாதான் கேட்டாள். சோறு போட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு முன்னாலேயே கேட்டாள். "அண்ணா, உனக்குப் போக விருப்பமோ இல்லையோ?"

"அதில்ல நிரு..."

"விருப்பமோ இல்லையோ?"

அவன், "உனக்காண்டித்தான் நான் இதுக்குள்ள வந்தனான்" என்றான். அவள், "தெரியும். நீ போகாட்டி ரெண்டு பேரும் நிண்டிடுவம். போ" என்றுவிட்டு ஊறுகாயை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். நான் ஒரு பெரிய சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். சண்டை வந்திருந்தால் நல்லது.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை ஒருவர் அவனுக்காக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

அவள் இன்றைக்கும் அரங்கத்துக்குப் போனாள். மாதம் முடியுமட்டும் கட்டிய காசு இருக்கிறதாம், வீணாக்கக் கூடாதாம். நான் போய்ப் பார்த்தேன். சோடி வராத நாட்களில் இப்படித் தனியே பழகுவது வழமைதான், தெரியும். ஒரு கையைத் தோள் உயரத்துக்கு வைத்து, மற்றக் கையை நீட்டி, அண்ணன் நிற்கிற மாதிரியே முழு ஆட்டத்தையும் ஆடினாள். அவன் தூக்குகிற இடம் வந்ததும் நின்று, பாட்டில் அந்தத் துண்டு முடியுமட்டும் காத்துக்கொண்டு நின்றாள்.

என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து காரில் இருந்து அழுதேன்.

மலர்


நுனாவிக்
6 மே 2024

மலர்,

தனுஜன் போன் எடுத்தான். தனக்கென்று ஒரு அறையாம், சாளரத்தால் ஏரி தெரியுமாம். காலையில் எழுந்து வேலைக்கு ஓடாமல் நேரே பயிற்சிக்குப் போவது எப்படி என்று இப்போதுதான் தெரிகிறதாம். குரலில் சந்தோஷம் இருந்தது. அதை என்னிடமிருந்து மறைக்கப் பார்த்தான், அதுதான் எனக்குக் கவலை. நான் நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நிருஷாவிடமும் கதைத்தேன். "நல்லா இருக்கிறன் அப்பா" என்றாள். அந்தச் சொல்லை அவள் உம்மிடமிருந்துதான் பழகினாள். நீர் அப்படிச் சொல்கிறபோதெல்லாம் நான் நம்பியிருக்கிறேன் என்று நினைக்காதேயும்.

வேறொரு பையனின் செலவைக் கட்டுவதற்கு ஏதும் வழி இருக்கிறதா என்று கோச்சிடம் ஒருக்கால் கேட்டுப் பாரும். எவ்வளவு என்று எழுதும். அறிந்து வைப்பதில் பிழையில்லைதானே.

அரியம்


செயின்ட்-மிஷேல்
19 ஓகஸ்ட் 2024

அப்பா,

நீங்கள் கேட்டதைக் கோச்சிடம் கேட்டுவிட்டு உங்களுக்கு எழுதாமலே விட்டுவிட்டேன். அந்தத் தொகையை எழுதி என்ன பயன்?

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். ஓக்வில் குடும்பத்திடமிருந்து எனக்கு ஒரு பொதி வந்தது. உள்ளே துணி, கண்ணாடிக் கற்கள், அந்தப் பிள்ளையின் உடல் அளவுகள். புது ஆட்டத்துக்கு அவளுக்கு உடுப்புத் தைக்க வேண்டுமாம். தனுஜன்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறான், "என்ர அம்மா எங்களுக்கு எல்லா உடுப்பும் தைச்சவ, அவவிட்டைக் குடுங்கோ" என்று. எனக்குக் காசு வரட்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறான். நல்ல மனதோடுதான் செய்திருக்கிறான். நான் மாதம் முழுக்க விமானச் சாப்பாடு கட்டி எடுப்பதை அந்த ஒரு உடுப்புக்குத் தருகிறார்கள். கடன் அட்டைக்காரன் விடாமல் போன் எடுக்கிறான், நான் ஓம் என்றுவிட்டேன்.

அளவை விரித்துப் பார்த்தேன். தோளும் இடுப்பும் கையும் நிருஷாவினுடையதுதான். தனுஜனின் உயரத்துக்குப் பொருந்துகிற பிள்ளையைத்தானே அவர்களும் கொண்டுவருவார்கள், வேறு எப்படி இருக்கும்?

நிருஷா மூலைக் கடையில் வேலை செய்கிற நேரம் பார்த்துத்தான் தைத்தேன். ஒளித்தும் வைத்தேன். ஆனால் இந்த வீட்டில் எதை ஒளிக்க இடமிருக்கிறது? நேற்று அவளே அதை வெளியே எடுத்துக்கொண்டு வந்து, "ஆருக்கெண்டு தெரியும் அம்மா. குடுங்கோ, போட்டுப் பார்க்கிறன். கை தூக்கேக்க தையல் விடுமோ எண்டு பார்க்காமல் அனுப்பேலாது" என்றாள். வேண்டாம் பிள்ளை என்றேன். அதற்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

கையைத் தூக்கினாள், முதுகை வளைத்தாள், காலை நீட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு இடது பக்க இடுப்பில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். "இதில கல்லு வைக்காதேங்கோ அம்மா. அண்ணா இதிலதான் பிடிச்சுத் தூக்குவான். அவன்ர கை கீறும்."

நான் அவள் முன்னால் முழங்காலில் இருந்து, அவள் காட்டிய இடத்துக் கற்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். அவள் அசையாமல் நின்றாள். தலையை நிமிர்த்திப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. கழற்றிக் கவனமாக மடித்துத் தந்து, "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

உடுப்பு இன்று காலை தபாலில் போய்விட்டது. காசு இன்னும் நான் வாங்கவில்லை. வாங்கவா, நீங்களே சொல்லுங்கள்.

மலர்


நுனாவிக்
29 ஓகஸ்ட் 2024

மலர்,

காசை வாங்கும். நீர் தைத்தீர், அது உம்முடைய கூலி.

இதற்கு மேல் எழுத நேற்று முழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒப்பந்தம் முடிகிறது, அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறேன். முதலாளி இன்னொரு வருஷம் நில்லும் என்று கேட்டார். பிள்ளைகளுக்குச் செலவு இருந்தபடியால்தான் வந்தேன், இப்போது செலவு இல்லை என்று அவருக்குச் சொன்னேன். அவர் கை தந்து, அதிர்ஷ்டசாலி என்றார்.

எட்டு வருஷமாகப் படுக்கும்போதெல்லாம் இந்தச் செலவு எங்களை விட்டு ஒழியாதா என்று கேட்டபடிதான் படுத்திருக்கிறேன், மலர். இப்போது ஒழிந்துவிட்டது. அதைத் திரும்பத் தா என்று யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறேன்.

அரியம்